742 செடிகளின் பேரேடு

வைப்பின் என்ற ஊர்ப்பெயரைக் கேட்டதும் என்னைப் போல வங்கியில் குப்பை கொட்டுகிறவனுக்கு முதலில் ஞாபகம் வருவது வைப்பு நிதிதான். சிரிக்காதீர்கள், அர்த்தமும் ஏறக்குறைய அதேதான். 1341-ல் பெரியாற்றில் பெருவெள்ளம் வந்து, முசிறித் துறைமுகம் தூர்ந்து, கொச்சியின் முகத்துவாரம் திறந்துகொண்டது என்று கேரளத்தில் வழிவழியாகச் சொல்வார்கள். அந்தச் சமயத்தில் ஆறும் கடலும் கொண்டுவந்து 'வைத்த' மண்தான் வைப்பின் தீவாம். 1341-ஐத் தொடக்கமாக வைத்து 'புதுவைப்பு ஆண்டு' என்று ஒரு ஆண்டுக்கணக்கே அந்தப் பக்கம் இருந்திருக்கிறது. ஆறு போட்ட டெபாசிட்டுக்கு ஒரு காலண்டர்!

மஸ்கட்டுக்கு வருவதற்கு முன்னால் மூன்று வருடம் கொச்சியில் வேலை பார்த்தேன். குடியிருந்தது வைப்பினில். சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம் என்பதால் அதுவே வெளியூர் வாசம்தான். இப்போது வெளிநாட்டு வாசம். ஜங்காரில் ஏறினால் சில நிமிடத்தில் ஃபோர்ட் கொச்சி, அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் மட்டாஞ்சேரி. சீனவலை, யூதர் தெரு, டச்சு அரண்மனை என்று ஊரிலிருந்து வந்த எல்லோரையும் கூட்டிக்கொண்டு சுற்றிக் காட்டியிருக்கிறேன். ஆனால் அந்தக் கரையில் நடந்த மிகப் பெரிய வேலையைக் காட்ட அங்கே ஒரு கட்டடமும் கிடையாது. அது ஒரு புத்தகம். பன்னிரண்டு பாகம். பெயர் 'ஹோர்த்தூஸ் மலபாரிக்குஸ்'. லத்தீனில் 'மலபார்த் தோட்டம்' என்று அர்த்தம்.

அது ஒரு டேட்டாபேஸ் என்பதுதான் என் கட்சி. கம்ப்யூட்டருக்கு முன்னூறு வருடம் முந்திய டேட்டாபேஸ். காமர்ஸ் படித்தவன் தாவரவியலில் மூக்கை நுழைப்பதற்கு அதுதான் என் சாக்கு. இலை, பூ பற்றி எனக்கு அதிகம் தெரியாது. பேரேடு எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று பார்க்கத் தெரியும்.

முதலில் பின்னணி. 1663 ஜனவரியில் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி போர்த்துகீசியர்களிடமிருந்து கொச்சியைப் பிடித்தது. அதற்கு முந்தைய வருடமே வைப்பினில் ஒரு கோட்டை போட்டு, எதிர்க்கரையை முற்றுகையிட அதைத் தளமாக வைத்துக்கொண்டார்கள். அந்தப் படையில் இருந்த ஒரு இளம் அதிகாரி ஹென்ரிக் அட்ரியான் வான் ரீட். பிறந்தது 1636. 1670 வாக்கில் அவரே மலபாரின் கமாண்டர் ஆகிவிட்டார். 1677 வரை அந்தப் பதவி.

கம்பெனிக்குத் தேவை மிளகு. செடிகொடிகளைப் பற்றிப் புத்தகம் போடுவது அதன் வேலை அல்ல. ஆனால் கம்பெனிக்கு மருந்துச் செலவு இருந்தது. சிப்பாய்களுக்கும் மாலுமிகளுக்கும் ஐரோப்பாவிலிருந்து மருந்து கப்பலில் வரும். வந்து சேருவதற்குள் பாதி வீரியம் போயிருக்கும். சில சரக்கு இந்தப் பக்கத்திலிருந்தே போய், அங்கே பொட்டலம் கட்டி, திரும்ப இங்கேயே விற்பனைக்கு வந்தது என்பதுதான் வேடிக்கை. கொல்லைப்புறத்தில் இருப்பதைப் பயன்படுத்தினால் என்ன என்று வான் ரீட் கேட்டார். அதோடு, கம்பெனியின் பெரிய தலையான வான் கோயன்ஸ் கொழும்பைத் தலைநகராக்கப் பார்த்துக்கொண்டிருந்தார். மலபாரில் எவ்வளவு செல்வம் இருக்கிறது பாருங்கள் என்று மேலிடத்துக்குக் காட்ட வேண்டிய அவசியமும் வான் ரீடுக்கு இருந்தது. ஹெட் ஆபீஸ் அரசியல் எந்த நூற்றாண்டிலும் ஒன்றுதான்.

வேலை நடந்த விதம்தான் சுவாரசியம். செடி பறித்துவர ஒரு ஆட்படை. பூ, காய், இலை எல்லாம் வாடுவதற்குள் அங்கேயே உட்கார்ந்து வரைய ஓவியர்கள். பதினைந்து பதினாறு உள்ளூர் வைத்தியர்களும் அறிஞர்களும் சபை கூடி ஒவ்வொரு செடியையும் விவாதித்தார்கள். முக்கியமான தகவல்காரர் இட்டி அச்சுதன் வைத்தியர். சேர்த்தலை அருகே கடக்கரப்பள்ளியில் கொல்லாட்டு வீட்டுக்காரர். ஈழவ சமூகம், பரம்பரை வைத்தியக் குடும்பம். அவரிடம் குடும்பத்து ஓலைச்சுவடி இருந்தது. ரங்க பட், விநாயக பண்டிட், அப்பு பட் என்று மூன்று கொங்கணி பிராமண வைத்தியர்கள் தங்கள் நிகண்டு அறிவோடு வந்தார்கள். தொடக்கத்தில் மத்தேயு என்ற கார்மலைட் துறவி ஒருவர் இருந்தார். பிறகு யோஹான்னஸ் கசேரியஸ் என்ற பாதிரியார் லத்தீனில் எழுதி ஒழுங்குபடுத்தினார். இந்தக் கசேரியஸ் இளம் வயதில் தத்துவஞானி ஸ்பினோசாவிடம் பாடம் கேட்டவர். ஸ்பினோசாவின் மாணவரும் கடக்கரப்பள்ளி வைத்தியரும் ஒரே திட்டத்தில் வேலை பார்த்திருக்கிறார்கள்!

அச்சுதன் மலையாளத்தில் சொல்வார். கம்பெனியின் துபாஷி மனுவேல் கர்னெய்ரோ அதைப் போர்த்துகீசிய மொழியில் எழுதுவார். அங்கிருந்து கொச்சியில் கம்பெனிச் செயலராக இருந்த வான் டோனெப், கசேரியஸ் ஆகியோர் கைவழியாக லத்தீனுக்குப் போகும். இத்தனை கை மாறினால் ஒரு வங்கிக்காரன் முதலில் கேட்பது 'வவுச்சர் எங்கே?' என்றுதான். அதையும் வைத்திருக்கிறார்கள். முதல் பாகத்தின் தொடக்கத்தில் சான்றிதழ்கள் அச்சாகியிருக்கின்றன. கர்னெய்ரோவுடையது 1675 ஏப்ரல் 19. அச்சுதனுடையது ஏப்ரல் 20, கோலெழுத்தில். என் சுவடியில் உள்ளபடியும் என் அனுபவத்தில் அறிந்தபடியும் சொன்னேன் என்று உறுதி கூறுகிறார். அதே நாளில் மூன்று கொங்கணி வைத்தியர்களும் நாகரி எழுத்தில் எழுதித் தந்திருக்கிறார்கள். இரண்டு வருடம் காலையும் மாலையும் வந்து வேலை பார்த்ததாகச் சொல்கிறார்கள். தகவல் சொன்ன உள்ளூர்க்காரரின் பெயரையும் கையெழுத்தையும் அவருடைய எழுத்திலேயே அச்சிட்ட அந்தக் காலத்து ஐரோப்பியப் புத்தகம் அபூர்வம்.

1678-ல் ஆம்ஸ்டர்டாமில் முதல் பாகம் வெளிவந்தது. பன்னிரண்டாவது பாகம் 1693-ல். மொத்தம் 742 செடிகள், 790 சொச்சம் செப்புத்தகட்டுப் படங்கள். வான் ரீட் அதுவரை இருக்கவில்லை. 1684-லிருந்து அவர் கம்பெனியின் ஆணையர். ஊழலை விசாரிக்க வங்காளம், சோழமண்டலம், இலங்கை என்று சுற்றிய விஜிலென்ஸ் அதிகாரி என்று வைத்துக்கொள்ளுங்கள். சோழமண்டலத்தில் டச்சுத் தலைமையிடம் பழவேற்காட்டிலிருந்து நாகப்பட்டினத்துக்கு மாறியதும் அந்தக் காலத்தில்தான், 1690-ல். 1691 டிசம்பரில் சூரத்துக்குப் போகும் வழியில் கப்பலிலேயே இறந்தார். அவர் கல்லறை சூரத்தில் இருக்கிறது.

இனி பேரேட்டைத் திறப்போம்.

ஒவ்வொரு செடிக்கும் ஒரே வரிசையில் தகவல். முதலில் பெயர். படத்திலேயே லத்தீன் எழுத்து, மலையாள எழுத்து, அரபி எழுத்து, நாகரி எழுத்து என்று நான்கு வகையில் பெயர் பொறித்திருக்கிறார்கள். பிறகு விவரத்தில் போர்த்துகீசியப் பெயர், டச்சுப் பெயர். எங்கே வளரும். வேர், தண்டு, இலை, பூ, காய், விதை எப்படி இருக்கும். என்ன வாசம், என்ன ருசி. எப்போது பூக்கும், காய்க்கும். கடைசியில் எந்த நோய்க்கு எந்தப் பாகத்தை எப்படிக் கொடுக்க வேண்டும். எக்செல்லில் போட்டால் 742 வரிசை, ஒரு டஜன் பத்தி. இதைத்தான் டேட்டாபேஸ் என்கிறேன். ஒரே மாதிரியான கேள்வியை ஒவ்வொரு செடியிடமும் கேட்டால்தான் ஒன்றோடு ஒன்றை ஒப்பிட முடியும். தகவல் எவ்வளவு குவிந்தாலும் பத்தி பிரிக்காவிட்டால் அது கோணிப்பைக்குள் போட்ட ரசீது மாதிரிதான்.

அந்தப் பெயர்ப் பத்தியை ஒரு தமிழர் வாய்விட்டுப் படிக்க வேண்டும். முதல் பாகத்தின் முதல் செடி 'தெங்கா'. பிறகு கமுகு. 'கரிம்பனா' என்று பனை. 'கொன்னா' நம் சரக்கொன்றை. 'பாலம்புளி' என்பது புளி. இரண்டாம் பாகத்தில் 'ஆவணக்கு', அதாவது ஆமணக்கு. ஏழாம் பாகத்தில் 'மொளகு கொடி'. பதினோராம் பாகத்தில் இஞ்சி, மஞ்சள், ஏலம். தள்ளி வேறு ஊரில் வளர்ந்த நமக்கே அகராதி வேண்டாம். ஆம்ஸ்டர்டாம் அச்சகத்தில் டச்சுக்காரர் கோர்த்த எழுத்துக்குள்ளிருந்து நம் பாட்டி பேசுகிற மாதிரி இருக்கிறது.

மலையாள எழுத்து முதன்முதலாக அச்சில் ஏறிய புத்தகம் இதுதான் என்று கேரளத்தார் பெருமையாகச் சொல்வார்கள். நமக்கும் சொல்லிக்கொள்ள ஒன்று இருக்கிறது. 1578-ல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' அச்சானது. அடுத்த வருடம், 1579-ல், 'கிரிசித்தியானி வணக்கம்' அச்சானது கொச்சியில். ஆக, மலபார்ச் செடிகளின் பெயர் ஆம்ஸ்டர்டாமில் மலையாள எழுத்தில் ஏறுவதற்கு 99 வருடம் முன்னாலேயே கொச்சிக் கரையில் தமிழ் எழுத்து அச்சாகியிருந்தது.

சரி, இந்தப் பேரேட்டை யார் பயன்படுத்தினார்கள்? ஸ்வீடன் நாட்டு லின்னேயஸ். ஒவ்வொரு உயிருக்கும் இரண்டு சொல்லில் லத்தீன் பெயர் வைக்கும் முறையை நிலைநாட்டியவர். அவருடைய 'ஸ்பீசிஸ் பிளான்டாரம்' 1753-ல் வந்தது. இந்தியச் செடிகள் பலவற்றுக்கு அவர் பெயர் வைத்தது வான் ரீடின் படத்தையும் விவரத்தையும் பார்த்துத்தான். அவர் மலபாருக்கு வந்ததே இல்லை.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. தாவரவியலில் ஒரு பெயர் எந்தச் செடிக்கு உரியது என்று தகராறு வந்தால், அந்தப் பெயரை வைத்தபோது ஆதாரமாக இருந்த மாதிரியை எடுத்துப் பார்ப்பார்கள். பெரும்பாலும் அது காயவைத்து ஒட்டிய செடியாக இருக்கும். மலபார்ச் செடிகள் பலவற்றுக்கு அப்படி ஒன்று கிடையாது. ஆகவே கொச்சியில் வரைந்த படமே சட்டபூர்வமான மாதிரி. வங்கியில் கையெழுத்து மாதிரி அட்டை இருக்குமே, செக் வந்தால் ஒப்பிட்டுப் பார்ப்போமே, அதேதான். 1670-களில் கொச்சிக்காரர்கள் பறித்துவந்து கொடுத்த கிளையின் படம் இன்றைக்கும் உலகம் முழுக்க ஒப்பிட்டுப் பார்க்கும் அட்டை.

வைப்பின்காரர்களுக்குப் பிடித்த உதாரணம் ஒன்று. புதுவைப்புப் பக்கம் கழிமுகத்தில் அலையாத்திச் செடிகள் அடர்ந்திருக்கும். மலையாளத்தில் கண்டல். புத்தகத்தில் 'செறு கண்டல்' என்று ஒரு செடி. லின்னேயஸ் அதன் பெயரில் 'காண்டல்' என்ற சொல்லை வைத்துக்கொண்டார். பிறகு 1834-ல் வைட்டும் ஆர்னட்டும் அந்தப் பேரினத்துக்கே 'காண்டேலியா' என்று பெயரிட்டார்கள். இந்தியா முதல் ஜப்பான் வரை இருப்பது எல்லாம் ஒரே இனம் என்றுதான் நெடுங்காலம் நினைத்திருந்தார்கள். 2003-ல் சீனா, ஜப்பான் பக்கத்துச் செடி வேறு இனம் என்று பிரித்தார்கள். அப்போது புதுப் பெயர் தேடிக்கொள்ள வேண்டியிருந்தது அந்தப் பக்கத்துச் செடிதான். 'காண்டேலியா காண்டல்' என்ற பழைய பெயர் நம் பக்கத்துச் செடிக்கே நின்றது. ஏனென்றால் அந்தப் பெயருக்கு ஆதாரம் வான் ரீடின் படம். கழிமுகச் சேற்றில் நிற்கிற செடிக்கு இப்படி ஒரு பட்டா!

இதுவரை பெருமை. இனி இழப்பு.

அச்சுதன் சொன்னது லத்தீனில் போய் உட்கார்ந்த பிறகு, அச்சுதனின் ஊர்க்காரர்களால் அதைப் படிக்க முடியவில்லை. ஐரோப்பிய அறிஞர்கள் படித்தார்கள், பெயர் வைத்தார்கள், அடுத்தடுத்து எழுதினார்கள். கேரளத்தில் ஒரு வைத்தியர் பிள்ளைக்கு, தன் முன்னோர் சொன்னது என்னவென்று தெரிய வழியில்லை. அச்சுதனின் ஓலைச்சுவடி இன்று நம் கையில் இல்லை. கடக்கரப்பள்ளியில் அவர் நினைவாக விளக்கேற்றும் குரியாலை இருக்கிறது. சுவடி இல்லை.

ரிச்சர்டு குரோவ் என்ற வரலாற்றாசிரியர் 1995-ல் வந்த தன் புத்தகத்தில் ஒரு வாதம் வைத்தார். ஹோர்த்தூஸின் பெயரிடும் முறையும் இனம் பிரிக்கும் முறையும் ஐரோப்பியருடையது அல்ல, பெரும்பாலும் ஈழவ வைத்தியர்களுடையது, அது லின்னேயஸ் வரை போய்ச் சேர்ந்திருக்கிறது என்பது வாதம். பெயர்களைப் பார்த்தாலே ஓரளவு புரிகிறது. 'கண்டல்' என்பது குடும்பப் பெயர் மாதிரி, 'செறு', 'பீ' என்பதெல்லாம் முன்னால் வரும் அடையாளம். இரண்டு சொல்லில் பெயர் வைக்கும் வழக்கம் நம் கொல்லைப்புறத்திலும் இருந்திருக்கிறது. லின்னேயஸ் இதைப் பார்த்துத்தான் தன் முறையை உண்டாக்கினார் என்று நான் சொல்ல வரவில்லை. வரவு எந்தக் கணக்கில் வைக்கப்பட்டது என்பதைத்தான் கேட்கிறேன்.

இந்தியாவில் ஒரு வங்கிக் கணக்கைப் பத்து வருடம் யாரும் தொடாமல் விட்டால் பணம் ரிசர்வ் வங்கியின் தனி நிதிக்குப் போய்விடும். 2014-லிருந்து இது நடைமுறை. ஆனால் பணம் போய்விட்டது என்று அர்த்தம் இல்லை. வாரிசு எப்போது வந்து ஆதாரம் காட்டினாலும் திரும்பக் கிடைக்கும். அச்சுதனின் வைப்புக்கு வாரிசாக வந்தவர் கே.எஸ்.மணிலால். கோழிக்கோடு பல்கலைக்கழகத்தில் தாவரவியல் பேராசிரியர். லத்தீன் கற்றுக்கொண்டு, செடிகளைத் தேடி அலைந்து, ஒவ்வொன்றும் இன்றைய பெயரில் எது என்று கண்டுபிடித்து, முப்பத்தைந்து வருடத்துக்கு மேல் உழைத்தார். 2003-ல் கேரளப் பல்கலைக்கழகம் ஆங்கிலப் பதிப்பை வெளியிட்டது. 2008-ல் மலையாளப் பதிப்பு. கணக்குப் போட்டால் ஆங்கிலப் பதிப்பே முதல் பாகம் வந்து 325 வருடம் கழித்து. 2020-ல் அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். 2025 ஜனவரி 1-ம் தேதி காலமானார். தன் ஊர் மொழிக்கு ஒரு பேரேட்டைத் திரும்பக் கொண்டுவருவதற்காக ஒருவர் பாதி ஆயுளைச் செலவழித்திருக்கிறார். அவர் பெயர் நம் வீட்டுப் பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும்.

இதை இப்போது எழுதக் காரணம் என் மகள். அவள் பள்ளியில் ஒரு செயல்திட்டம். பெற்றோரின் சொந்த ஊரில் இயற்கையாக வளரும் 25 செடிகளை அட்டவணையாக்க வேண்டும். இணையத்தில் இருந்து தகவல் எடுக்கலாம். நானும் உட்கார்ந்தேன். அட்டவணை என்றால் எனக்கு விடுமுறை நாளில்கூட அலுக்காது :-)

இன்றைக்கு அச்சுதன் சபை மாதிரி இணையத்தில் பல இருக்கின்றன. ஜிபிஐஎஃப் என்ற உலகத் தகவல் மையம் 2001-ல் தொடங்கியது. எந்தச் செடியை யார், எங்கே, என்றைக்குப் பார்த்தார்கள் என்ற பதிவுகளை அட்டவணையாகவே இறக்கிக்கொள்ளலாம். இலவசம். எல்லா அருங்காட்சியகமும் ஒரே பத்தித் தலைப்பில் தகவல் தர வேண்டும் என்பதற்கு 'டார்வின் கோர்' என்று ஒரு தரநிலை இருக்கிறது. லண்டன் கியூ தோட்டம் 2017-ல் தொடங்கிய தளத்தில் ஒரு செடி எங்கே பூர்விகம், எங்கே வந்தேறி என்று வரைபடமே இருக்கிறது. நம் நாட்டுக்கு 2008-லிருந்து இந்தியா பயோடைவர்சிட்டி போர்ட்டல் இருக்கிறது. ஹோர்த்தூஸின் பழைய பக்கங்கள்கூட பயோடைவர்சிட்டி ஹெரிட்டேஜ் லைப்ரரியில் ஸ்கேன் செய்து கிடைக்கின்றன.

இறக்கினோம். பத்திகள் நிரம்பின. தேடுவதற்கு அறிவியல் பெயர்தான் கணக்கு எண். ஆளின் பெயரை வைத்துக் கணக்குத் தேடினால் ஊரில் இருக்கும் எல்லா முருகனும் வந்து நிற்பார்கள் இல்லையா, அதே பிரச்சினை. 'சங்கபுஷ்பி' என்றால் கேரளத்தில் நம் சங்குப்பூக் கொடி, வடக்கே வேறு செடி. மருந்து விஷயத்தில் இது விளையாட்டு அல்ல. ஆனால் மறுபக்கமும் உண்டு. நம் புங்க மரத்துக்குத் தாவரவியலார் பொங்காமியா, டெர்ரிஸ், மில்லெட்டியா என்று பெயரை மாற்றிக்கொண்டே வந்தார்கள். எத்தனை மாற்றினாலும் ஊரில் அது புங்கைதான். இரண்டு பத்தியும் வேண்டும். ஒன்று மற்றொன்றைச் சரிபார்க்கும். இரட்டைப் பதிவு முறை!

எங்கள் அட்டவணையில் காலியாகக் கிடந்தது தமிழ்ப் பெயர்ப் பத்திதான். இருந்த சிலவும் ஆங்கில எழுத்தில் எழுத்துப் பிழையோடு. ஊரில் என்ன சொல்வார்கள், எதற்குப் பயன்படுத்துவார்கள் என்ற பத்தி அநேகமாக வெறுமை. வான் ரீடுக்கு முதல் பத்தியாக இருந்தது, நமக்குக் கடைசிப் பத்தியாகிவிட்டது.

மகள் ஊருக்குப் போன் போட்டாள். "ஆச்சி, நம்ம வீட்டுப் பின்னாடி என்னென்ன செடி இருக்கு?" என் அம்மாவுக்கு வயது 78. நிறுத்தாமல் சொன்னார்கள். தும்பை, நாயுருவி, குப்பைமேனி, ஆடாதொடை, நொச்சி, பிரண்டை, கீழாநெல்லி, ஆவாரை, நித்தியகல்யாணி, தொட்டாற்சுருங்கி. எது எந்த மாதம் பூக்கும், எதைச் சளிக்கு வைப்பது, எதை மாடு தின்னாது, எல்லாம் சேர்த்து. நாங்கள் இங்கே ஸ்பீக்கரில் போட்டு எழுதினோம். இருபது நிமிடத்தில் பத்தி நிரம்பிவிட்டது.

பிறகு சரிபார்த்தோம். தொட்டாற்சுருங்கி அமெரிக்காவிலிருந்து வந்தது. நித்தியகல்யாணி மடகாஸ்கர். "அப்படின்னா ஆச்சி லிஸ்ட்ல ரெண்டை அடிச்சிரவா?" என்று மகள் கேட்டாள். பூர்விகம், வந்தேறி என்று ஒரு பத்தி போட்டு எல்லாவற்றையும் வைத்துக்கொள்ளச் சொன்னேன். வான் ரீடும் அப்படித்தான் செய்தார். போர்த்துகீசியர் கொண்டுவந்த முந்திரி, அன்னாசி, பப்பாளி எல்லாம் அவர் புத்தகத்தில் உண்டு. அழகு என்னவென்றால் முந்திரிக்கு அங்கே 'கப்ப மாவு' என்று பெயர். கப்பலில் வந்த மா. அன்னாசி 'கப்பச் சக்கா'. கப்பலில் வந்த பலா. அந்தச் செடிகள் கரையேறி நூற்றைம்பது வருடம்கூட ஆகியிருக்காது, அதற்குள் ஊரார் பிறப்புச் சான்றிதழைப் பெயரிலேயே ஒட்டிவிட்டார்கள். நாமும் அதைத்தானே செய்தோம்? சீமைக் கருவேலம், சீமை அகத்தி, பறங்கிக்காய். 'சீமை' என்ற முன்னொட்டு, கியூ தோட்டத்து வரைபடத்தில் 'வந்தேறி' என்று வரும் நிறத்துக்குச் சமம். வந்தேறியான நான் இதைச் சொல்லும்போது செடிகள்மேல் கொஞ்சம் பாசம் வரத்தான் செய்கிறது.

பெயரும் பயனும் எழுதி வைத்தால் என்ன ஆகிவிடப் போகிறது என்று கேட்கிறவர்களுக்கு ஒரு வழக்கு. 1995-ல் அமெரிக்காவில் மஞ்சளைக் காயத்துக்குப் போடுவதற்குக் காப்புரிமை கொடுத்துவிட்டார்கள். காயத்துக்கு மஞ்சள் வைப்பது நம் வீட்டில் யாருக்குத் தெரியாது? ஆனால் காப்புரிமை அலுவலகத்துக்கு 'யாருக்கும் தெரியும்' என்பது போதாது, எழுத்தில் ஆதாரம் வேண்டும். இந்தியாவின் சிஎஸ்ஐஆர் பழைய நூல்களையும் கட்டுரைகளையும் தேடி எடுத்துக் கொடுத்து வழக்காட, 1997-ல் அந்தக் காப்புரிமை ரத்தானது. வேம்பில் ஐரோப்பாவில் கொடுத்த ஒரு காப்புரிமை 2000-ல் ரத்தாகி, மேல்முறையீடும் 2005-ல் தள்ளுபடியானது.

ஒவ்வொரு தடவையும் தேடிக்கொண்டிருக்க முடியாது என்று 2001-ல் பாரம்பரிய அறிவு மின்னூலகம் தொடங்கினார்கள். ஆயுர்வேதம், யுனானி, சித்த நூல்களில் உள்ள மருந்து முறைகளை வகைப்படுத்தி, ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன், ஸ்பானிஷ், ஜப்பானியம் என ஐந்து மொழியில் வைத்திருக்கிறார்கள். காப்புரிமை அலுவலகங்கள் அதில் தேடிப் பார்த்து, 'இது புதிதல்ல' என்று விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பலாம். தமிழில் உள்ள சித்த நூல்களும் அதில் ஏறியிருக்கின்றன. பத்தி பிரித்து எழுதியதால் வந்த பலம் அது. ஆனால் நூலில் இருப்பதுதான் அதில் ஏறும். என் அம்மா மாதிரி ஆட்களின் தலைக்குள் இருப்பது எந்தச் சுவடியிலும் இல்லை. ஒரே பிரதி. நாமினி போடாத கணக்கு.

அதனால் வெளியூரில், வெளிநாட்டில் இருக்கும் குடும்பங்களுக்கு ஒரு யோசனை. வாராவாரம் எப்படியும் ஊருக்குப் பேசுகிறோம். 'சாப்பிட்டாச்சா, மழை உண்டா' முடிந்ததும் ஒரு செடி. ஒன்றே ஒன்று. கேட்கிறது பிள்ளைகளாக இருக்கட்டும். எட்டுப் பத்தி போதும். ஊரில் சொல்லும் பெயர், தமிழ் எழுத்தில். ஊரும் தாலுகாவும். சொன்னவர் பெயர், வயது. எங்கே வளரும். எப்போது பூக்கும். எதற்குப் பயன்படும். கேட்ட தேதி. ஒரு போட்டோ, ஊரில் யாராவது எடுத்து அனுப்புவார்கள். அறிவியல் பெயர், பூர்விகமா வந்தேறியா என்பதையெல்லாம் போட்டோவை வைத்துப் பிறகு தளங்களில் பார்த்து நிரப்பிக்கொள்ளலாம். தெரியாவிட்டால் காலியாக விடுங்கள், ஊகித்து எழுதாதீர்கள். மருந்துக் குறிப்பைப் பதிவுக்காக எழுதுங்கள், போனில் கேட்டதை வைத்து இங்கே யாருக்கும் கஷாயம் போட்டுக் கொடுக்க வேண்டாம்.

சொன்னவர் பெயர் என்ற பத்தியை மட்டும் விட்டுவிடாதீர்கள். வான் ரீட் அச்சுதனின் சான்றிதழை அச்சிடாமல் விட்டிருந்தால், அந்தப் பன்னிரண்டு பாகத்துக்கும் ஒரு கடக்கரப்பள்ளிக்காரர் வாய்திறந்து சொன்னார் என்பதே இன்று யாருக்கும் தெரிந்திருக்காது.

எங்கள் அட்டவணையில் இப்போது 25 தாண்டி 41 வரிசை ஆகிவிட்டது. பள்ளிக்குக் கொடுத்தாகிவிட்டது, ஆனால் ஆச்சி நிறுத்துவதாக இல்லை. போன வாரம் 'பேய்மிரட்டி' என்று ஒன்று சொன்னார்கள். உங்கள் ஊரில் அதை என்னவென்று சொல்வீர்கள்? தெரிந்தவர்கள் பின்னூட்டத்தில் ஊர்ப்பெயரோடு எழுதுங்கள்.